சட்டமன்றம் பேசாமல் இருந்தால் ஆணை வாழுமா, சாகுமா?

"அமெரிக்காவில் ஒரு மாநில ஆளுநர் கையெழுத்திட்டால் போதும், மறுநாளே அது சட்டம்போல எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் என்று ஒன்று இருக்கிறதே, அதனால் இதைத் தடுக்க முடியாதா?" என்பது கேள்வி. முடியும். ஆனால் எந்த வழியில், எவ்வளவு சீக்கிரம், எத்தனை பேர் கை தூக்கினால் முடியும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அந்த வேறுபாட்டில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஆளுநர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கும், அதை மீறினால் நீதிமன்றம் தடுத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பட்டியல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த வழக்குகளைத் தொடர்ந்து படித்து வந்ததில் எனக்குப் பட்டது வேறு. உண்மையான கடிவாளம் நாள்கணக்கில் இருக்கிறது. ஆணை பிறந்து குறிப்பிட்ட நாள் ஆனபின், சட்டமன்றம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? ஆணை தானாகத் தொடருமா, தானாக முடிந்துபோகுமா? இந்த ஒரு கேள்விக்கு ஒரு மாநிலத்தின் சட்டம் சொல்லும் பதிலைப் பார்த்தால், அங்கே தகராறு வந்தால் யார் கை ஓங்கும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அதற்கு முன் 'ஆளுநர்' என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவில் ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். அமெரிக்க மாநில ஆளுநரை மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சர் இருக்கும் இடத்தில் அவரை வைத்துப் பார்ப்பதுதான் பொருத்தம். ஆனால் சட்டமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரை இறக்கவும் முடியாது. அதனால் ஆளுநர் ஒரு கட்சி, இரு அவைகளும் எதிர்க்கட்சி என்ற நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். நம் ஊரில் இப்படி ஒரு மோதல் வந்தால் அரசு கவிழ்ந்து தீர்ந்துவிடும். அங்கே கவிழாது. சட்டப் புத்தகத்தையும் நீதிமன்றத்தையும் வைத்துத்தான் தீர்த்தாக வேண்டும்.

ஆளுநர் பிறப்பிக்கும் ஆணைகளில் பெரும்பாலானவை யாரும் சண்டை போடாதவை. கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது, ஆலோசனைக் குழு அமைப்பது, அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதி சொல்வது போன்றவை தன் அலுவலகத்தைத் தானே நடத்துவதற்கான ஆணைகள். சாதாரணக் குடிமகனின் கடையை மூடு, வீட்டில் இரு, வாடகைக்காரரை வெளியேற்றாதே என்று சொல்லும் ஆணை வேறு வகை. அப்படிச் சொல்லும் அதிகாரம் ஆளுநருக்குப் பதவியோடு பிறந்ததல்ல. மாநில அரசியலமைப்பில் ஒரு பிரிவு வேண்டும், இல்லாவிட்டால் சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம் வேண்டும். கொரியப் போரின்போது, 1952 இல், எஃகு ஆலைகளை அரசுடைமையாக்க முயன்ற அதிபர் ட்ரூமனைக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தடுத்தது இதே காரணத்தால்தான். மாநில நீதிமன்றங்களும் பெரும்பாலும் அந்த வழியிலேயே யோசிக்கின்றன. சட்டமன்றம் கொடுத்த அதிகாரம் இரவல் அதிகாரம். கொடுத்தவர் திரும்பக் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மிச்சிகன் மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தின் ஏறக்குறைய எல்லா முகங்களும் அங்கே தெரிகின்றன.

அந்த மாநிலத்தின் 1963 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அரசுத் துறைகளைக் கலைக்கவும் இணைக்கவும் ஆளுநருக்கு நேரடி அதிகாரம் தருகிறது. சட்டமாக இருக்க வேண்டிய ஒன்றை ஆணையாலேயே மாற்றலாம். ஆனால் அந்த ஆணை சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டு 60 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் இரு அவைகளும் பெரும்பான்மையால் நிராகரித்தால் ஆணை செத்தது. ஏதாவது ஓர் அவை சும்மா இருந்தாலும் ஆணை நிலைத்துவிடும். 2019 பிப்ரவரியில், பதவியேற்ற சில வாரங்களிலேயே, ஆளுநர் கிரெட்சன் விட்மர் சுற்றுச்சூழல் துறையை மாற்றியமைத்து ஓர் ஆணை பிறப்பித்தார். சுற்றுச்சூழல் விதிகளை மறுபரிசீலனை செய்ய முந்தைய ஆட்சி அமைத்திருந்த குழுக்கள் அதனால் கலைக்கப்பட்டன. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கையில் இருந்த இரு அவைகளும் அந்த ஆணையை நிராகரித்தன. அவர் அந்தக் குழுக்களை விட்டுவைத்து வேறோர் ஆணை பிறப்பித்தார், அது நிலைத்தது. நீதிமன்றப் படி ஏறாமல், ஒரே மாதத்துக்குள், இரு தரப்பும் பாதி விட்டுக்கொடுத்து முடிந்த விவகாரம். கெடு தெளிவாக இருந்தது, சட்டமன்ற முடிவை ஆளுநர் மறுக்கும் அதிகாரமான வீட்டோ குறுக்கே வரவில்லை. அதனால்தான் அது இவ்வளவு எளிதாக முடிந்தது என்பது என் எண்ணம்.

அடுத்த ஆண்டு நடந்தது இதற்கு நேர்மாறு.

மிச்சிகனில் அப்போது அவசரநிலைக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று 1945 இல் வந்தது. 1943 இல் டெட்ராய்ட் நகரில் நடந்த இனக் கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அதன் பின் வந்த சட்டம் அது. பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து வந்தால், உயிரையும் உடைமையையும் காக்கத் தேவை என்று தாம் கருதும் 'நியாயமான' ஆணைகளை ஆளுநர் பிறப்பிக்கலாம் என்றது. எவ்வளவு நாளுக்கு? அவசரநிலை தீர்ந்தது என்று ஆளுநரே அறிவிக்கும் வரை. சட்டமன்றத்தின் பெயரே அந்தக் கணக்கில் வரவில்லை. மற்றொன்று 1976 ஆம் ஆண்டின் அவசரநிலை மேலாண்மைச் சட்டம். அது நீளமானது, விவரமானது. தொற்றுநோயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதன்படி 28 நாள் கழிந்ததும், இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றி நீட்டிக்காவிட்டால், அவசரநிலை முடிந்தது என்று ஆளுநர் அறிவித்தே ஆக வேண்டும். ஒரே மாநிலம், ஒரே விஷயம், எதிரெதிரான இரண்டு சட்டங்கள். முதல் சட்டத்தில் சட்டமன்றம் பேசாமல் இருந்தால் ஆணை வாழும். இரண்டாவதில் பேசாமல் இருந்தால் ஆணை சாகும். கலவரம் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும் என்பதால் நெடுங்காலம் இந்த முரண்பாட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2020 மார்ச் 10 அன்று மாநிலத்தின் முதல் கொரோனா தொற்றுகள் உறுதியானதும் விட்மர் அவசரநிலை அறிவித்தார். ஏப்ரல் 1 அன்று இரண்டு சட்டங்களையும் சேர்த்து மேற்கோள் காட்டிப் புதிதாக அறிவித்து, 70 நாள் நீட்டிப்புக் கேட்டார். சட்டமன்றம் ஏப்ரல் 30 வரை மட்டுமே கொடுத்தது. இடையில் ஏப்ரல் 9 அன்று வந்த ஆணைதான் பொதுமக்களைச் சூடேற்றியது. 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கடைகள் திறந்திருக்கலாம், ஆனால் அதற்குள் செடி விற்கும் பகுதி, பெயிண்ட் பகுதி, கம்பளம் விற்கும் பகுதி எல்லாவற்றையும் அடைத்து வைக்க வேண்டும் என்றது அது. ஒரு மாநிலத்தில் யார் எந்தக் கடையின் எந்த வரிசையில் நடக்கலாம் என்பதை ஒரு தனி மனிதரின் கையெழுத்து தீர்மானித்தது. மீறினால் குற்றம். அப்போது தினந்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயால் இறந்துகொண்டிருந்த நாடு அது. டெட்ராய்ட் மிக மோசமாகத் தாக்கப்பட்ட நகரங்களில் ஒன்று. ஆகவே அந்த ஆணைகளைப் பிறப்பித்தவரின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. நோக்கம் நல்லது என்பதற்காக அதிகாரம் யாரிடம் இருந்து வந்தது என்று கேட்காமல் இருக்கவும் முடியாது.

ஏப்ரல் 30 வந்தது. துப்பாக்கி ஏந்திய போராட்டக்காரர்கள் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே நின்றார்கள். சட்டமன்றம் நீட்டிப்புக் கொடுக்க மறுத்தது. விட்மர் அன்று செய்ததைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 1976 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னபடியே அவசரநிலையை முடித்து ஓர் ஆணை வெளியிட்டார். உடனே, அதே நோய்க்காக, அதே சட்டத்தின் கீழ், புதிய அவசரநிலை ஒன்றை அறிவித்து மற்றோர் ஆணை. கூடவே 1945 ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டு இன்னோர் ஆணை. முதல் கதவு அடைபட்டால் இரண்டாவது திறந்திருக்கட்டும் என்பது கணக்கு.

சட்டமன்றம் வழக்குத் தொடுத்தது. மே மாதம் விசாரித்த நீதிபதி பாதிப் பாதியாகத் தீர்ப்பளித்தார்: முடித்துவிட்டு உடனே புதுப்பித்தது செல்லாது, ஆனால் 1945 ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுநரைத் தாங்குகிறது. ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1945 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலத்தில் ஆளுநரின் பக்கம் நின்றது. இன்னொரு பக்கம், அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டியிருந்த மருத்துவ நிறுவனங்கள் தொடுத்த வழக்கை விசாரித்த கூட்டாட்சி நீதிபதி, இது மாநிலச் சட்டம் பற்றிய கேள்வி, மாநில உச்ச நீதிமன்றமே சொல்லட்டும் என்று அங்கே அனுப்பினார். 2020 அக்டோபர் 2 அன்று பதில் வந்தது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு பகுதிகள். 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏப்ரல் 30 க்குப் பின் ஆளுநருக்கு அதிகாரம் இல்லை என்பதில் ஏழு நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். அந்த மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் கட்சிகள் முன்மொழிய, மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியிருந்தும் இதில் கட்சி வேறுபாடு வரவில்லை. காரணம் எளிது. 28 நாள் என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது பகுதியில்தான் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று பிளந்தது. 1945 ஆம் ஆண்டுச் சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்றார்கள் நான்கு பேர். சட்டமன்றம் தன் சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஒரேயடியாகத் தூக்கிக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அளவுகோலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 'நியாயமான', 'தேவையான' என்ற இரண்டு சொற்கள் அளவுகோல் ஆகாது, அதுவும் கால வரம்பே இல்லாதபோது ஆகவே ஆகாது என்பது அவர்களின் வாதம். எதிர்த்த மூவரும் லேசாகப் பேசவில்லை. இந்த அதிகார ஒப்படைப்புக் கோட்பாட்டைக் கொண்டு கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் சட்டங்களை வீழ்த்தியது 1935 இல் மட்டும்தான். அதற்குப் பின் தூசி படிந்து கிடந்த ஆயுதம் அது. அதை ஒரு கொள்ளைநோயின் நடுவில் எடுப்பது சரியா என்ற அவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது.

நான் எந்தப் பக்கம்? 1945 ஆம் ஆண்டுச் சட்டம் மோசமாக எழுதப்பட்ட சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியது நீதிமன்றத்தைவிடச் சட்டமன்றம்தான். 75 ஆண்டுகள் அதைத் தொடாமல் வைத்திருந்ததும் அதே சட்டமன்றம்தான். சரிசெய்ய முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு: எந்தத் திருத்த மசோதாவும் ஆளுநரின் மேசைக்குத்தான் போக வேண்டும். அவர் வீட்டோ செய்தால் அதை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வேண்டும். எதிர்க்கட்சிக்கு வெறும் பெரும்பான்மைதான் இருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. ஆளுநரின் ஆணைகள் பலம் இழந்ததும் இரு தரப்பும் பேச வேண்டியதாயிற்று. வேலையிழந்தோருக்கான உதவித்தொகையை 26 வாரமாக நீட்டித்திருந்தது முன்பு ஆணையாக இருந்தது. அதே அக்டோபரில் சட்டமன்றம் அதை மசோதாவாக நிறைவேற்றியது, ஆளுநர் கையெழுத்திட்டார். மார்ச் முதல் அக்டோபர் வரை ஆணையாக மட்டுமே வாழ்ந்த ஒன்று சில வாரங்களில் முறையான சட்டமாகிவிட்டது. நாள்கணக்கு வேலை செய்தால் பேச்சுவார்த்தை பிறக்கும் என்று நான் நம்புவதற்கு இதுவே சாட்சி.

1945 ஆம் ஆண்டுச் சட்டத்தை முழுமையாக நீக்கியது இன்னொரு விசித்திர வழி. மிச்சிகனில் குடிமக்கள் போதிய கையெழுத்துத் திரட்டி ஒரு சட்ட முன்வரைவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பலாம். அதை இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டால் சட்டமாகிவிடும். ஆளுநருக்கு அதில் வீட்டோ கிடையாது. அதற்கு அப்போது 3,40,047 கையெழுத்துகள் தேவைப்பட்டன. அதைவிடக் கூடுதலாகவே திரட்டிக் கொடுத்தார்கள். 2021 ஜூலையில் இரு அவைகளும் ஏற்றுக்கொண்டன. 1945 ஆம் ஆண்டுச் சட்டம் மறைந்தது.

வீட்டோ என்ற இந்த முட்டுக்கட்டையை இன்னும் துல்லியமாகப் பார்க்கப் பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டும். அங்கே இருந்த சட்டம், ஆளுநரின் பேரிடர் அறிவிப்பைச் சட்டமன்றம் எப்போது வேண்டுமானாலும் ஒரு கூட்டுத் தீர்மானத்தால் முடிக்கலாம், உடனே ஆளுநர் முடித்து ஆணையிட வேண்டும் என்று பச்சையாகச் சொன்னது. 2020 ஜூனில் இரு அவைகளும் அப்படித் தீர்மானம் நிறைவேற்றின. ஆளுநர் டாம் வுல்ஃப் மறுத்தார். ஜூலை 1 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: சட்டத்தின் விளைவைக் கொண்ட எந்தத் தீர்மானமும் அரசியலமைப்பின்படி ஆளுநரின் கையெழுத்துக்குப் போயாக வேண்டும். அதாவது, ஆளுநரின் அறிவிப்பை முடிக்க அந்த ஆளுநரின் ஒப்புதலே வேண்டும். இல்லையென்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சட்டமன்றத்தின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் தம் பக்கம் இருந்தால் போதும், ஆளுநரை அசைக்க முடியாது.

தீர்மானத்தால் அதிகாரத்தைத் திரும்பப் பெறலாம் என்று சட்டத்தில் எழுதிவைத்துவிட்டு, பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பும் சட்டமன்றங்கள் எல்லாமே இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். 1983 இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும், நிர்வாகத்தின் ஒரு முடிவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஓர் அவை தீர்மானத்தால் ரத்து செய்வது செல்லாது என்று ஏறக்குறைய இதையேதான் சொன்னது. பென்சில்வேனியா சட்டமன்றம் சரியான பாடம் படித்துக்கொண்டது. சாதாரணச் சட்டத்தை விட்டு அரசியலமைப்பையே திருத்தப் போனது. இரண்டு அடுத்தடுத்த சட்டமன்றக் காலங்களில் நிறைவேற்றி மக்கள் வாக்குக்கு விட்டால் போதும். ஆளுநருக்கு அதில் பங்கில்லை. 2021 மே 18 அன்று வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். இப்போது அங்கே பேரிடர் அறிவிப்பு 21 நாளில் முடிகிறது, சட்டமன்றம் நீட்டித்தால் ஒழிய. முடிக்கும் தீர்மானத்துக்கு ஆளுநரின் கையெழுத்தும் தேவையில்லை.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். அதே வுல்ஃப், போதை தரும் வலிநிவாரணிகளால் மாநிலத்தில் குவிந்த சாவுகளுக்காக 2018 ஜனவரியில் ஒரு பேரிடர் அறிவிப்பு வெளியிட்டு, 90 நாளுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தார். துறைகள் தங்களுக்குள் தகவல் பகிர்ந்துகொள்ள அது உதவியது. திருத்தம் வந்தபின் அதை நீட்டிக்கும் பொறுப்பு சட்டமன்றத்திடம் போனது. சட்டமன்றம் நீட்டிக்கவில்லை, 2021 ஆகஸ்டில் அது முடிந்துபோனது. பேசாமல் இருந்தால் சாகும் என்று விதி வைத்தால், கெட்ட ஆணையோடு நல்ல ஆணையும் சாகும். மூன்றரை ஆண்டுகள் அவசரநிலையாகவே ஒரு விஷயத்தை ஓட்டியதற்குப் பதில் சட்டமாக இயற்றியிருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் அந்த முடிவு எனக்கு உவப்பாக இல்லை.

முடித்துவிட்டு மறுபடி பிறப்பிக்கும் தந்திரத்துக்கு வருவோம். விட்மர் மட்டும் செய்ததல்ல அது. விஸ்கான்சினில் அவசரநிலைக்கு 60 நாள் வரம்பு. நீட்டிக்க இரு அவைகளின் தீர்மானம் வேண்டும். ஆளுநர் டோனி எவர்ஸ் நீட்டிப்புக் கேட்காமல், 60 நாள் முடியும்போதெல்லாம் புதிய அவசரநிலை அறிவித்தார். 2021 பிப்ரவரி 4 அன்று சட்டமன்றம் அதை ரத்து செய்தது. அன்றே அவர் இன்னொன்றை அறிவித்தார். மார்ச் 31 அன்று மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், ஒரே காரணத்துக்கு மீண்டும் மீண்டும் அறிவிக்க முடியாது என்று நிறுத்தியது.

நம் நாட்டுச் சட்டம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்திய அரசியலமைப்பின் 213 ஆம் பிரிவின்படி ஆளுநரின் அவசரச் சட்டம், சட்டமன்றம் மீண்டும் கூடி ஆறு வாரத்தில் தானாக முடிந்துவிடும். பேசாமல் இருந்தால் சாகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டு, சில 14 ஆண்டுகள் வரை உயிரோடு வைக்கப்பட்டன. பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா அந்தக் கணக்கைத் தோண்டி எடுத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1986 டிசம்பரில் வந்த தீர்ப்பு அந்தப் பழக்கத்தை அரசியலமைப்பின் மீதான மோசடி என்று கண்டித்தது. பீகாரின் செயலையும் விஸ்கான்சினின் செயலையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. ஒன்று சோம்பலும் அலட்சியமும், மற்றது கொள்ளைநோய். ஆனால் ஓட்டை ஒன்றேதான். நாள் வரம்பு எழுதுகிறவர்கள் "அதே காரணத்துக்காக மறுபடி அறிவிக்கக் கூடாது" என்ற வரியையும் சேர்த்து எழுதாவிட்டால், அந்த வரம்பைக் கையெழுத்து ஒன்றால் தாண்டிவிடலாம்.

இன்னொரு பிரச்சினை, சட்டமன்றம் கூடியே இருக்காதது. அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் பல ஆண்டில் சில மாதங்களே கூடுகின்றன. டெக்சாஸில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், அதிகபட்சம் 140 நாள். சிறப்புக் கூட்டத்தை ஆளுநர் மட்டுமே அழைக்கலாம். எதைப் பற்றிப் பேசலாம் என்பதையும் அவரே நிர்ணயிக்கிறார். அங்கே பேரிடர் அறிவிப்புக்கு 30 நாள் வரம்பு உண்டு, ஆனால் ஆளுநரே புதுப்பித்துக்கொள்ளலாம். 2020 மார்ச் 13 அன்று ஆளுநர் கிரெக் அபட் அறிவித்ததைப் பற்றிச் சட்டமன்றம் கூடிப் பேச 2021 ஜனவரி வரை வாய்ப்பே இல்லை. மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டு அந்த அறிவிப்பு 2023 ஜூன் வரை ஓடியது. வரம்பு என்று காகிதத்தில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பதற்கு டெக்சாஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதைச் சமாளிக்க இண்டியானா ஒரு வழி கண்டது. சட்டமன்றத் தலைவர்கள் அடங்கிய குழு, அவசரநிலையின்போது தாமே கூட்டம் அழைக்கலாம் என்று 2021 இல் சட்டம் இயற்றியது. ஆளுநர் எரிக் ஹோல்கம்பும் சட்டமன்றமும் ஒரே குடியரசுக் கட்சி. அப்படியும் அவர் வீட்டோ செய்தார், அவர்கள் முறியடித்தார்கள், அவர் வழக்குப் போட்டார். 2022 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்குச் சாதகமாகச் சொன்னது: வழக்கமான கூட்டத்தொடருக்கு வெளியே சட்டமன்றத்தை அழைக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு ஆளுநருக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது, சட்டத்தால் அதை மாற்ற முடியாது. இது வெறும் கட்சிச் சண்டை என்று சொல்பவர்களுக்கு இந்த வழக்கைத்தான் காட்டுவேன். ஒஹாயோவிலும் அப்படியே. ஆளுநர் மைக் டிவைனின் வீட்டோவை 2021 மார்ச்சில் அவருடைய கட்சிக்காரர்களே முறியடித்தார்கள்.

கான்சஸ் வேறு வழியில் தடுக்கி விழுந்தது. 2020 ஈஸ்டருக்குச் சில நாள் முன் ஆளுநர் லாரா கெல்லி வழிபாட்டுக் கூட்டங்களுக்கும் பத்துப் பேர் வரம்பு வைத்தார். சட்டமன்றத் தலைவர்கள் ஏழு பேர் கொண்ட குழு கூடி அந்த ஆணையை ரத்து செய்தது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மாநில உச்ச நீதிமன்றம் காணொளியில் விசாரித்து அன்றிரவே தீர்ப்பளித்தது: அந்தக் குழுவுக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானத்திலேயே முதலில் வேறொரு குழு முடிவெடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது, அது நிறைவேறவில்லை, ஆகவே ரத்து செல்லாது. ஆளுநர் செய்தது சரியா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. அவசரத்தில் எழுதிய ஒரு வாசகம் தன்னையே கட்டிப்போட்டது.

கென்டக்கியில் கணக்கு வேறு. அங்கே வீட்டோவை முறியடிக்க மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். 2021 இல் சட்டமன்றம் ஆளுநரின் அவசர ஆணைகளுக்கு 30 நாள் வரம்பு வைத்தது. ஆளுநர் ஆண்டி பஷியரின் வீட்டோ ஒன்றும் செய்யவில்லை. கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஒருமனதாக நீக்கியது. செப்டம்பரில் அவர் சிறப்புக் கூட்டம் அழைத்துச் சட்டமன்றத்திடம் கேட்க வேண்டியதாயிற்று.

சட்டமன்றத்தால் தொடவே முடியாத ஆணைகளும் உண்டு. அரசியலமைப்பே நேரடியாக ஆளுநருக்குக் கொடுத்த மன்னிப்பு அதிகாரம் அப்படி. அங்கேயும் எல்லை உண்டு, ஆனால் அதை வரைவது நீதிமன்றம். 2016 இல் வர்ஜீனியா ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப், தண்டனை முடித்த சுமார் 2,06,000 பேருக்கு ஒரே ஆணையில் வாக்குரிமையைத் திருப்பிக் கொடுத்தார். சட்டமன்றத் தலைவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தனித்தனியாகக் கொடுக்கலாம், மொத்தமாகக் கொடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அவர் ஒவ்வொருவராகக் கொடுக்கத் தொடங்கினார். அந்த மனிதர்களின் வாக்குரிமைக்காக நான் அவருடைய பக்கம்தான். ஆனால் அவர் பின்னர் தேர்ந்தெடுத்த நீண்ட வழியும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆகவே நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் ஆளுநரின் ஆணை ஒன்று கைக்கு வந்தால், முதலில் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று தொடக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள் எனப் பாருங்கள். பிறகு கடைசியில் முடியும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் அந்தச் சட்டப் பிரிவைத் திறந்து, அந்தத் தேதியைத் தள்ளிப்போட யார் கை தூக்க வேண்டும், அவர்கள் அன்று கூடியிருப்பார்களா, ஆளுநரின் கையெழுத்து மீண்டும் குறுக்கே வருமா என்று தேடுங்கள். ஆணையின் நடுவில் இருக்கும் இருபது பத்திகளைவிட இவை முக்கியம்.

மிச்சிகனில் இந்தக் கதை இன்னும் முழுதாக முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020 அக்டோபர் 2 தீர்ப்பு வெளிவந்து மூன்றாம் நாளே, முகக்கவசத்துக்கும் கூட்டங்களுக்கும் ஏறக்குறைய அதே கட்டுப்பாடுகளை மாநிலச் சுகாதாரத் துறை இயக்குநர் தம் பெயரில் பிறப்பித்தார். அவர் மேற்கோள் காட்டியது 1978 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தை. கொள்ளைநோயின்போது கூட்டங்களைத் தடை செய்ய இயக்குநருக்கு அதிகாரம் தரும் அந்தச் சட்டம், எத்தனை நாளுக்கு என்று சொல்வதில்லை. இயக்குநரை நியமிப்பவர் ஆளுநர். அந்த ஆணைகளுக்கும் 28 நாள் வரம்பு வைக்கும் மசோதாவை 2021 மார்ச்சில் சட்டமன்றம் நிறைவேற்றியது. விட்மர் வீட்டோ செய்தார். மூன்றில் இரண்டு பங்கு யாரிடமும் இல்லை. அந்த வரம்பு சட்டத்தில் ஏறவில்லை.